படிவத்தில் ஒரு சொல்: அமினத்து ஹைதர் பற்றிப் பேசுவோமா?

செங்காந்தள் எழுதியது:

திருச்சியில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். விசா படிவம், வருகைச் சீட்டு என்று மற்றவர்களுக்கு நிரப்பித் தருவதுதான் பிழைப்பு. ‘எந்த நாட்டவர்’ என்ற கட்டத்தை ஒரு நாளைக்கு நாற்பது தடவை நிரப்புவேன். கை தானாக எழுதும், யோசிக்கவே மாட்டேன். அந்தப் பழக்கத்தால்தானோ என்னவோ, இந்தப் பெண்ணின் கதையைப் படித்த நாளிலிருந்து மனசை விட்டு அகலவில்லை.

2009 நவம்பர் 13. வடமேற்கு ஆப்பிரிக்காவில், மொராக்கோவின் பிடியில் உள்ள மேற்கு சகாராவின் பெரிய ஊரான எல் அயூன் விமான நிலையத்தில், அந்த ஊர்க்காரரும் மனித உரிமைப் போராளியுமான அமினத்து ஹைதர் வந்து இறங்குகிறார். அதற்கு முந்தைய மாதம்தான் நியூயார்க்கில் துணிச்சலுக்கான ஒரு விருதை வாங்கியிருந்தார். கையில் மொராக்கோ பாஸ்போர்ட். அந்த ஊரில் இருப்பவர்களுக்கு வேறு பாஸ்போர்ட் கிடையாது. வருகைச் சீட்டில் ‘மொராக்கோ’ என்று அதிகாரிகள் எதிர்பார்த்த இடத்தில் ‘மேற்கு சகாரா’ என்று எழுதினார். அவர் செய்தது அவ்வளவுதான்.

பிடித்து வைத்து விசாரித்தார்கள். பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டார்கள். மறுநாள் ஒரு விமானத்தில் ஏற்றி, ஸ்பெயினுக்குச் சொந்தமான லான்சரோட்டே தீவில் இறக்கிவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும், அவருடைய அம்மாவும் எல் அயூனில். ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காத பறக்கும் தூரம்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பாஸ்போர்ட் இல்லாத அவரை, ஏற்கெனவே அவரிடம் இருந்த வசிப்பு அட்டையைக் காரணம் காட்டி ஸ்பெயின் உள்ளே எடுத்துக்கொண்டது. அடுத்த விமானத்தில் வீட்டுக்குத் திரும்புகிறேன் என்று அவர் சொன்னபோது, ‘பாஸ்போர்ட் இல்லாமல் எப்படிப் போக முடியும்?’ என்று அதே ஸ்பெயின் கையை விரித்தது. உள்ளே வரத் தேவைப்படாத காகிதம் வெளியே போகத் தேவைப்பட்டது.

அவர் விமான நிலையத்திலேயே உட்கார்ந்து உண்ணாவிரதம் தொடங்கினார். 32 நாள். பயணிகள் சூட்கேஸை உருட்டிக்கொண்டு போகிற இடத்தில் ஒரு விரிப்பு, போர்வை, பக்கத்தில் ஆதரவாளர்கள். விமான நிலையத்தில் பொது ஒழுங்கைக் குலைத்ததாக நீதிமன்றம் 180 யூரோ அபராதமும் போட்டது. அகதி அந்தஸ்து தருகிறோம் என்றது ஸ்பெயின் அரசு. வேண்டாம் என்றார். ஸ்பானியக் குடியுரிமையே தருகிறோம் என்றது. அதையும் வேண்டாம் என்றார். என் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த ஒரு காகிதத்துக்காக நகையை அடகு வைக்கிறவர்கள். இவர் கையில் கொண்டுவந்து கொடுத்தும் மறுத்தார். வாங்கியிருந்தால் தன் சொந்த ஊருக்கே வெளிநாட்டுக்காரியாகப் போக வேண்டியிருந்திருக்கும்.

இவரைப் பற்றித் தமிழில் விவரமாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நானும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாசகன் 77 எழுதியது:

அக்கா, தெரியாமல்தான் கேட்கிறேன். மேற்கு சகாரா தனி நாடா, மொராக்கோவின் மாநிலமா? இவர் பொலிசாரியோ அமைப்பின் தலைவரா?

செங்காந்தள் எழுதியது:

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். தலைவர் இல்லை, துப்பாக்கி எடுத்தவரும் இல்லை. பொலிசாரியோ என்பது மேற்கு சகாராவின் சுதந்திரத்துக்காக மொராக்கோவோடு ஆயுதம் ஏந்திப் போரிட்ட அமைப்பு. அதன் தலைமை அல்ஜீரியாவின் திந்தூஃப் பக்கம் அகதி முகாம்களில் இருக்கிறது. அமினத்து மொராக்கோவின் பிடியில் உள்ள எல் அயூனிலேயே வாழ்ந்து, அங்கேயே மனித உரிமை வேலை பார்ப்பவர். சுதந்திரம் வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் ஒரே கருத்துதான். ஆனால் அவர் நிற்கிற இடம் வேறு.

முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும். 1884-இலிருந்து அது ஸ்பெயினின் காலனி. 1963 முதல் ஐ.நா.வின் ‘இன்னும் தன்னாட்சி பெறாத பகுதிகள்’ பட்டியலில் இருக்கிறது, இன்றைக்கும் எடுக்கப்படவில்லை. 1974-இல் ஸ்பெயின் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 74 ஆயிரம் சஹ்ராவிகள், அதாவது அந்த மண்ணின் மக்கள். நம் ஊரில் ஒரு நகராட்சி அளவு ஜனம். 1975 அக்டோபர் 16 அன்று ஹேக் சர்வதேச நீதிமன்றம் தன் கருத்தைச் சொன்னது: மொராக்கோ சுல்தானுக்கும் அங்கிருந்த சில குலங்களுக்கும் இடையே விசுவாச உறவு இருந்தது உண்மை, ஆனால் அது இறையாண்மை ஆகாது, அந்த மக்களின் சுயநிர்ணய உரிமை நிற்கிறது. மூன்றே வாரத்தில், நவம்பர் 6 அன்று, மொராக்கோ மன்னர் 3,50,000 பேரை எல்லை தாண்டி நடக்க வைத்தார். பச்சைப் பேரணி என்று பெயர். நவம்பர் 14 அன்று ஸ்பெயின் மாட்ரிட்டில் கையெழுத்துப் போட்டு, மொராக்கோவுக்கும் மொரித்தானியாவுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டுக் கிளம்பியது. அங்கே இருந்த மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதே நவம்பர் 14 தேதியில்தான், 34 வருடம் கழித்து, அமினத்துவை லான்சரோட்டேயில் இறக்கிவிட்டார்கள்.

கீழக்கரை அமீர் எழுதியது:

சகோதரி, நல்ல இழை. சஹ்ரா என்றால் அரபியில் பாலைவனம். சஹ்ராவி என்றால் பாலைவனத்து மனிதர். அவர்கள் பேசுவது ஹஸ்ஸானியா என்ற அரபி வழக்கு. வளைகுடாவில் கட்டடக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது மொரித்தானியாக்காரர் ஒருவர் என் அறையில் இருந்தார். அவரும் அதே பேச்சுதான். எனக்குத் தெரிந்த அரபியை வைத்துப் பாதிகூடப் பிடிக்க முடியாது.

அங்கே பெண்கள் உடுத்துவது மெல்ஃபா. நம் சேலை மாதிரி தைக்காத நீளத் துணி, தலையிலிருந்து கால் வரை ஒரே துணியைச் சுற்றிக்கொள்வது. அமினத்துவின் படங்களில் பாருங்கள், விருது மேடையில் இருந்தாலும் விமான நிலையத்துத் தரையில் இருந்தாலும் மெல்ஃபாதான். இன்னொன்று, சிறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தால் அங்கே பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிடுவார்கள். நம் பக்கம் கல்யாணத்திலும் முளைப்பாரியிலும் கேட்கிற அதே குலவை. அங்கே போலீஸ் வண்டிக்கு முன்னாலும் அது எழும்பும்.

அவருடைய முதல் சிறைவாசம் பற்றி யாராவது எழுதுங்கள். அதை விட்டுவிட்டு 2009-ஐ மட்டும் பேசினால் முழுதாக இருக்காது.

செங்காந்தள் எழுதியது:

சரி பாய், அதையே எழுதுகிறேன். எழுதக் கஷ்டமாக இருந்ததால்தான் தள்ளிப்போட்டேன்.

1987 நவம்பர். ஐ.நா.வும் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பும் சேர்ந்து அனுப்பிய குழு ஒன்று எல் அயூனுக்கு வரவிருந்தது. அந்த நேரம் பார்த்துத் தெருவில் இறங்கி அமைதியாகச் சுதந்திரம் கேட்பது என்று இளைஞர்கள் பேசி வைத்திருந்தார்கள். போலீஸ் முந்திக்கொண்டது. நூற்றுக்கணக்கில் அள்ளிக்கொண்டு போனார்கள். அமினத்துக்கு அப்போது இருபதைத் தாண்டிய வயது.

வழக்கு இல்லை. நீதிபதி இல்லை. தண்டனை இத்தனை வருடம் என்றுகூட யாரும் சொல்லவில்லை. அடியும் சித்திரவதையும் இருந்தன. பெரும்பாலான காலம் கண்ணைக் கட்டியே வைத்திருந்தார்கள். மூன்று வருடம் ஏழு மாதம். தலைமயிர் வெட்டாமல் விட்டால் இடுப்பைத் தொடுகிற காலம் அது. ஒரு பெண் தன் இருபதுகளின் தொடக்கத்தைத் துணிக்குப் பின்னால் கழித்தார்.

அவரை வைத்திருந்தது எங்கோ கண்காணாத கோட்டையில் இல்லை. எல் அயூனிலேயே காவல் படையின் ஒரு முகாமில். வீடும் அதே ஊரில், மகளும் அதே ஊரில். இருக்கிறாளா செத்தாளா என்று வீட்டுக்குத் தெரியாது. சிறைக் கைதி என்றால் மனு போடலாம், சாப்பாடு கொடுத்தனுப்பலாம். காணாமல் ஆக்கப்பட்டவருக்கு எங்கே போய் எதைக் கொடுப்பது? மொராக்கோ அதிகாரிகள் இவர்கள் தங்களிடம் இருப்பதாகவே ஒத்துக்கொள்ளவில்லை.

1991 ஜூனில் நூற்றுக்கணக்கானோரை ஒரே நேரத்தில் விட்டார்கள். அதில் இவரும் ஒருவர். செப்டம்பர் 6 அன்று மொராக்கோவுக்கும் பொலிசாரியோவுக்கும் இடையே போர்நிறுத்தம் வந்தது. ‘மேற்கு சகாராவில் வாக்கெடுப்புக்கான ஐ.நா. பணிக்குழு’ வந்தது, சுருக்கமாக மினுர்சோ என்பார்கள். 1992 ஜனவரியில் வாக்கெடுப்பு, சுதந்திரமா இணைப்பா என்று மக்களே முடிவு செய்யலாம் என்றார்கள். கண்கட்டு அவிழ்ந்து வெளியே வந்தவர் காதில் விழுந்த முதல் பெரிய செய்தி அதுவாகத்தான் இருந்திருக்கும். அந்த வாக்கெடுப்பு இன்று வரை நடக்கவில்லை.

முத்துநகர் மாலுமி எழுதியது:

நான் கப்பல் இன்ஜின் ரூம் ஆள். மேற்கு ஆப்பிரிக்கா பக்கம் போகிற கப்பல்கள் எண்ணெய் நிரப்ப கேனரித் தீவின் லாஸ் பால்மாஸில் நிற்கும். ஒரு தடவை கரைக்கு இறங்கினபோது ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்திருந்தோம். கடைக்காரர் தேநீர் போட்ட விதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சின்னக் கண்ணாடி டம்ளரிலிருந்து இன்னொரு டம்ளருக்கு, கையை உயர்த்தி உயர்த்தி ஊற்றி, டம்ளரில் பாதி நுரை நிற்கும் வரை விடவில்லை. நம் ஊர் டீ மாஸ்டர் ஆற்றுகிற ஆற்றுதான், ஆனால் அவசரமே இல்லை. ஒரு டம்ளர் குடித்து எழுந்திருக்கப் போனேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். மூன்று டம்ளர் குடிக்காமல் எழுந்திருப்பது மரியாதை இல்லையாம்.

எந்த ஊர் என்று கேட்டேன். ‘சஹ்ரா’ என்று சொல்லிக் கடல் பக்கம் கையைக் காட்டினார். மொராக்கோவா என்று நான் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். கோபப்படவில்லை. தலையை மட்டும் இல்லை என்று ஆட்டிவிட்டு மூன்றாவது டம்ளரை என் முன்னால் நகர்த்தினார். உங்கள் பதிவைப் படித்ததும் அந்தத் தலையாட்டல்தான் ஞாபகம் வந்தது. பதில் சொன்னதற்கே ஒரு பெண்ணை ஊரை விட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மண்ணை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று கேட்பவர்கள், கணினியில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து எல் அயூனுக்குத் தென்கிழக்கே பாருங்கள். பூக்ரா என்ற இடத்தில் பாஸ்பேட் சுரங்கம். அங்கிருந்து கடற்கரை வரை சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கன்வேயர் பெல்ட் ஓடுகிறது. உலகத்திலேயே நீளமானது. பெல்ட்டிலிருந்து காற்றில் பறந்த பாஸ்பேட் பொடி ஒரு பக்கமாகவே படிந்து படிந்து, வானத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோடாகத் தெரியும். சுண்ணாம்பு டப்பாவை ஓட்டை போட்டு இழுத்துக்கொண்டு போன மாதிரி இருக்கும். அது போக அந்தக் கடலில் மீன். உரமும் மீனும் இருக்கிற இடத்தைச் சும்மா மணல் என்று யாரும் விட்டுக்கொடுப்பதில்லை.

நாகை நடுவன் எழுதியது:

அக்கா, அண்ணா, உங்கள் பதிவுகளைப் படித்துக் கண் கலங்கியது. ஆனாலும் மறுபக்கத்தையும் வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, பொலிசாரியோவும் சுத்தம் இல்லை. மொராக்கோ போர்க்கைதிகளை அவர்கள் இருபது வருடத்துக்கு மேல்கூட வைத்திருந்தார்கள். போர்நிறுத்தம் ஆகி 14 வருடம் கழித்து, 2005 ஆகஸ்டில்தான் கடைசி 404 பேரை விட்டார்கள். 70, 80-களில் முகாம்களுக்குள்ளேயே தங்கள் சொந்த ஆட்களைச் சித்திரவதை செய்த கதையும் உண்டு. அந்தப் போர்க்கைதிகளுக்கும் வீட்டில் அம்மா இருந்திருப்பார்.

இரண்டு, மொராக்கோ 2007-இல், தன் இறையாண்மைக்குக் கீழேயே மேற்கு சகாராவுக்குத் தன்னாட்சி என்ற திட்டத்தைக் கொடுத்தது. எல் அயூனில் சாலை, துறைமுகம், வேலை எல்லாம் வந்திருக்கிறது. மூன்று, இன்று அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் மொராக்கோவிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். அங்கேயே பிறந்து நாற்பது வயதானவர்களைக் கிளம்பு என்று சொல்ல முடியுமா? நியாயம் எந்தப் பக்கம் என்பது நாம் நினைக்கிற அளவுக்கு எளிது இல்லை.

செங்காந்தள் எழுதியது:

நடுவன் தம்பி, போர்க்கைதிகள் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதற்கு ஒரு சமாதானமும் நான் சொல்ல மாட்டேன். சிறைக்குள் இருபது வருடம் என்றால் அதை யார் செய்தாலும் குற்றம்தான்.

தன்னாட்சி பற்றி எனக்கு வேறு கருத்து. கேள்வி அந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பது இல்லை. அந்த மக்களிடம் கேட்டார்களா என்பதுதான். யார் யார் ஓட்டுப் போடலாம் என்ற பட்டியலுக்கே மினுர்சோ வருடக்கணக்காக உட்கார்ந்து, முதியவர்களைக் கூப்பிட்டு, உன் குலம் எது, உன் தகப்பன் யார் என்று கேட்டுக் கேட்டு 86 ஆயிரம் சொச்சம் பேரைச் சேர்த்தது. மேல்முறையீடு மட்டும் 1,30,000 வந்து விழுந்தது. 2000-இல் அந்த வேலை அப்படியே நின்றுபோனது. 2003-இல் ஐ.நா. தூதர் ஜேம்ஸ் பேக்கர் கொடுத்த திட்டத்தில், ஐந்து வருடம் கழித்து நடக்கும் வாக்கெடுப்பில் குடியேறியவர்களும் ஓட்டுப் போடலாம் என்றே இருந்தது. பொலிசாரியோ அதை ஒத்துக்கொண்டது. மறுத்தது மொராக்கோ. அதனால் குடியேறியவர்களைத் துரத்துவதா என்ற கேள்வியை வைத்து வாக்கெடுப்பை மறுக்க முடியாது.

அப்புறம், தன்னாட்சியைக் கொடுப்பவர்கள் அதே ஊரில் ‘மேற்கு சகாரா’ என்று ஒரு சீட்டில் எழுதியதைப் பொறுக்கவில்லை. நான் திரும்பத் திரும்ப அங்கேயேதான் வந்து நிற்கிறேன்.

நீங்கள் 2005 என்றீர்கள். அமினத்துவின் வாழ்க்கையிலும் 2005 பெரிய வருடம். அந்த மே மாதம், சஹ்ராவிக் கைதி ஒருவரை எல் அயூனின் ‘கருப்புச் சிறை’யிலிருந்து மொராக்கோவுக்குள் இருக்கும் சிறைக்கு மாற்றப் போக, அதை எதிர்த்து ஊரே கொதித்தது. ஜூன் 17 அன்று ஒரு போராட்டத்துக்குப் போகும்போது போலீஸ் அமினத்துவின் மண்டையை உடைத்தது. முகமெல்லாம் ரத்தம் வழியும் அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போனவரை அங்கிருந்தே கைது செய்து அதே கருப்புச் சிறையில் போட்டார்கள். சக கைதிகளோடு சேர்ந்து உள்ளேயே வாரக்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார். அவரை விடச் சொல்லி அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. டிசம்பரில் ஏழு மாதத் தண்டனை, 2006 ஜனவரி 17-இல் விடுதலை.

கீழக்கரை அமீர் எழுதியது:

ஜூன் 17 என்ற தேதியைக் கவனித்தீர்களா சகோதரி? 1970 ஜூன் 17 அன்றுதான் எல் அயூனின் ஸெம்லாப் பகுதியில் ஸ்பெயினுக்கு எதிரான முதல் பெரிய பேரணி நடந்தது. ஸ்பானியப் படை சுட்டது. அதை நடத்திய முகமது பசீரி பத்திரிகைக்காரர், குர்ஆன் ஓதிக்கொடுத்தவர். அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. சஹ்ராவிகளின் காணாமல் போனோர் பட்டியலில் முதல் பெயர் அவருடையது என்பார்கள். முதலில் ஸ்பெயின், பிறகு மொராக்கோ. செய்த முறை ஒன்றுதான்.

வாசகன் 77 எழுதியது:

அக்கா, அந்த 32 நாள் எப்படி முடிந்தது? நடுவில் நிறுத்திவிட்டீர்கள். இன்னொன்று, இவரைச் ‘சஹ்ராவி காந்தி’ என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதியிருக்கின்றனவே, இந்தியா இவர்களுக்கு ஏதாவது செய்ததா?

செங்காந்தள் எழுதியது:

டிசம்பர் 4 அன்று ஒரு விமானம் தயாரானது, அவரையும் ஏற்றினார்கள். மொராக்கோ இறங்க அனுமதி இல்லை என்றது. ஏறியவர் மறுபடியும் இறங்கினார். உண்ணாவிரதம் தொடங்கி இருபது நாளை நெருங்கிக்கொண்டிருந்த உடம்பு அது. முன்பே சிறையில் கெட்டுப்போன உடம்பும்கூட. லான்சரோட்டேயிலேயே வாழ்ந்த போர்த்துகீசிய எழுத்தாளர், நோபல் பரிசு பெற்ற சரமாகோ, தள்ளாத வயதில் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார். அமெரிக்காவும் பிரான்சும் உள்ளே புகுந்து பேசின. டிசம்பர் 17 அன்று மிக மோசமான நிலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், அன்று இரவே மருத்துவ விமானத்தில் எல் அயூன் போய்ச் சேர்ந்தார். மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. வீடு வந்த பிறகும் வாசலைச் சுற்றிப் போலீஸ் நின்றது, பார்க்க வந்தவர்களைத் தடுத்தது.

பிள்ளைகளை விட்டுவிட்டு ஒரு தாய் இப்படிச் சாகத் துணியலாமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள், அந்தக் கேள்வி எனக்கும் குத்தியது. நாலு நாள் யோசித்தேன். பிள்ளைகளை விட்டு அவர் போகவில்லை, அவர்களிடம் போகத்தான் அந்தப் பாடு பட்டார். பிரித்தது விமானத்தில் ஏற்றியவர்கள். அந்தக் கேள்வியை அவர்களிடம் ஏன் யாரும் கேட்கவில்லை?

முத்துநகர் மாலுமி எழுதியது:

இந்தியா பற்றி நான் சொல்கிறேன் தம்பி. 1985-இல் ராஜீவ் காந்தி ஆட்சியில் பொலிசாரியோ அறிவித்த சஹ்ராவிக் குடியரசை இந்தியா முறைப்படி அங்கீகரித்தது. தில்லியில் அவர்களுக்குத் தூதரகம்கூட இருந்தது. 2000-இல் வாஜ்பாய் ஆட்சியில் அந்த அங்கீகாரத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது. நம் நாட்டுக்கு டி.ஏ.பி. உரத்துக்கு வேண்டிய பாஸ்பேட்டும் பாஸ்பாரிக் அமிலமும் பெரிய அளவில் மொராக்கோவிலிருந்துதான் வருகிறது. ஆட்சியாளர்கள் மனதில் என்ன இருந்தது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் வயலுக்குப் போகிற மூட்டைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் விவசாயம்தான்.

நாகை நடுவன் எழுதியது:

பேக்கர் திட்டம் பற்றி எனக்குத் தெரியாது அக்கா, தேடிப் படித்தேன். நீங்கள் சொன்னது சரி.

ஆனால் நடைமுறையைப் பாருங்கள். 2020 டிசம்பர் 10-இல் டிரம்ப் மொராக்கோவின் இறையாண்மையை அங்கீகரித்தார். 2022-இல் ஸ்பெயினே தன்னாட்சித் திட்டத்தின் பக்கம் சாய்ந்தது, 2024-இல் பிரான்சும். 2025 அக்டோபர் 31-இல் பாதுகாப்பு அவையே அந்தத் திட்டத்தைப் பேச்சுவார்த்தைக்கு அடிப்படை என்று தீர்மானம் போட்டுவிட்டது. இனி இவர்கள் போராடி என்ன ஆகப் போகிறது என்ற வருத்தம்தான் எனக்கு.

கீழக்கரை அமீர் எழுதியது:

வருத்தம் புரிகிறது தம்பி. ஆனால் 2024 அக்டோபர் 4 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதையும் சேர்த்துப் பாருங்கள். மேற்கு சகாரா மக்களின் சம்மதம் இல்லாமல் அங்கே விளைவதற்கும் பிடிக்கும் மீனுக்கும் ஐரோப்பா மொராக்கோவோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது என்று தீர்ப்பு. சம்மதம் கேட்கப்பட வேண்டியவர்கள் என்று ஒரு ஜனம் சட்டத்தின் கண்ணில் இன்னும் இருக்கிறது.

திந்தூஃப் முகாம்களையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஐந்து முகாம்கள். அவற்றுக்கு வைத்த பெயர்கள் எல் அயூன், ஸ்மாரா, தாக்லா, அவ்ஸெர்த், பூஜ்தூர். எல்லாமே விட்டு வந்த ஊர்களின் பெயர். சுமார் 1,73,000 பேர் ஐம்பது வருடமாக அங்கே. நடுவில் மொராக்கோ கட்டிய 2,700 கிலோமீட்டர் மணல் சுவர், அதை ஒட்டிக் கண்ணிவெடி. அங்கே பிறந்த குழந்தை ‘நான் ஸ்மாராவில் இருக்கிறேன்’ என்கிறது, உண்மையான ஸ்மாராவை அது பார்த்ததே இல்லை.

செங்காந்தள் எழுதியது:

பாய், பூஜ்தூர் என்றதும் சுல்தானா காயா நினைவு வந்துவிட்டது. 2007-இல் மொராக்கோவின் மராக்கேஷில் மாணவர் போராட்டத்தில் போலீஸ் அடித்து ஒரு கண் போனவர். 2020 நவம்பரில், முகாமில் இல்லை, மேற்கு சகாராவின் உண்மையான பூஜ்தூர் ஊரில் அவர் வீட்டைப் போலீஸ் சூழ்ந்தது. ஒன்றரை வருடம் அந்த வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. முகம் மூடியவர்கள் உள்ளே புகுந்து அடித்தார்கள், அவரும் அவருடைய சகோதரியும் தாங்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அப்படியும் மொட்டை மாடியில் ஏறிச் சஹ்ராவிக் கொடியை ஆட்டினார். மினுர்சோ அங்கேதான் இருந்தது. ஆனால் மனித உரிமையைக் கண்காணிக்கிற அதிகாரம் அதற்குக் கொடுக்கப்படவே இல்லை. 2013-இல் அதைச் சேர்க்க அமெரிக்கா ஒரு முயற்சி எடுத்து, மொராக்கோ எதிர்த்ததும் விட்டுவிட்டது.

அமினத்துவுக்கு 2008-இல் ராபர்ட் கென்னடி மனித உரிமை விருது, 2019-இல் மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது. இவ்வளவு விருது இருக்கிறதே, இனித் தொடமாட்டார்கள் என்று நினைப்போம். 2022-இல் அம்னெஸ்டி அவருடைய இரண்டு போன்களைச் சோதித்துப் பெகாசஸ் உளவு மென்பொருளின் தடயத்தைக் கண்டுபிடித்தது. 2021 நவம்பர் வரைக்கும் உள்ளே புகுந்திருக்கிறார்கள். அன்றைக்குக் கண்ணைக் கட்டினார்கள். இன்றைக்கு அவர் யாருக்கு என்ன எழுதுகிறார் என்று அவர் கைக்குள்ளிருந்தே பார்க்கிறார்கள்.

வாசகன் 77 எழுதியது:

இப்போது எங்கே இருக்கிறார் அக்கா?

செங்காந்தள் எழுதியது:

எல் அயூன்தான் அவர் ஊர், அதை விட்டுக்கொடுத்ததே இல்லை. 2020 செப்டம்பரில் அங்கேயே தோழர்களோடு சேர்ந்து, மொராக்கோ ஆக்கிரமிப்புக்கு எதிரான சஹ்ராவி அமைப்பு என்று வெளிப்படையாகப் பெயர் வைத்தே ஒரு அமைப்பைத் தொடங்கினார். சில நாளிலேயே அரசு வழக்கறிஞர் விசாரணை தொடங்கினார். 2010-இல் எல் அயூனுக்கு வெளியே கெதெய்ம் இசிக் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான கூடாரம் போட்டு உட்கார்ந்தார்களே, அதைக் கலைத்தபோது நடந்த மோதலில் பாதுகாப்புப் படையில் 11 பேர் செத்தார்கள், சஹ்ராவிகளும் செத்தார்கள். அந்த வழக்கில் சித்திரவதை செய்து வாங்கிய வாக்குமூலத்தை வைத்து ஆயுள் தண்டனை பெற்றவர்கள் இன்னும் சிறையில். அவர்களுடைய தாய்மார்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து பார்க்கப் போகிறார்கள். இவர் குரல் கொடுக்கிற பட்டியலில் அவர்களும் உண்டு.

முத்துநகர் மாலுமி அண்ணா, நீங்கள் சொன்ன வெள்ளைக் கோட்டை இன்று மதியம் அலுவலகக் கணினியில் திறந்து பார்த்தேன். அப்படியே இருக்கிறது. கூடவே இன்னொரு கோடும் கண்ணில் பட்டது. மொராக்கோவுக்கும் மேற்கு சகாராவுக்கும் நடுவில் கூகுள் வரைபடம் ஒரு புள்ளிக் கோடு போட்டு, கீழே ‘மேற்கு சகாரா’ என்று எழுதியிருக்கிறது. அது நமக்கு மட்டும்தானாம். மொராக்கோவுக்குள்ளிருந்து திறந்தால் புள்ளிக் கோடும் வராது, அந்தப் பெயரும் வராது என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அமினத்து தன் வீட்டில் உட்கார்ந்து அதே வரைபடத்தைத் திறந்தால், அந்தச் சீட்டில் அவர் எழுதிய சொல் திரையில் இருக்காது.